திருகோணமலையில் அடீனியம்: எந்த மாதம் எவ்வளவு தண்ணீர்?

நான் முதன்முதலில் பதினொரு சாடியில் அடீனியம் வைத்தேன். பாலைவன ரோஜா என்பார்களே, அடித்தண்டு கிழங்குபோலப் பருத்திருக்கும் அந்தப் பூக்கன்றுதான். ஒரு மாரி முடிந்தபோது இரண்டுதான் மிஞ்சின. பூச்சி விழவில்லை, வெய்யிலுக்குக் குறைவில்லை, பசளையும் ஒழுங்காகப் போட்டேன். ஒன்பதையும் கொன்றது தண்ணீர்தான். மார்கழியில் ஒரு நாள் காலை, இலையெல்லாம் கொட்டி நின்ற ஒரு கன்றின் கிழங்கைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். கனிந்த பப்பாசிப்பழத்துக்குள் போவதுபோல விரல் உள்ளே போனது. அழுகல் வாடையோடு மண்ணிறத் தண்ணீர் கசிந்தது. அதற்கு முதல் நாள்கூட, இலை கொட்டுகிறதே என்று அதற்கு ஒரு வாளி தண்ணீர் விட்டிருந்தேன்.

இப்போது இருபதுக்கு மேல் சாடிகள் நிற்கின்றன. போன மாரியில் ஒன்றுகூடச் சாகவில்லை. இடையில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். மாற்றலாகி வந்து உப்புவெளியிலோ அலஸ்தோட்டத்திலோ வாடகை வீடு எடுத்திருப்பவர்கள், முதல் கன்றை இப்போதுதான் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

தொடங்க முன் ஒரு விஷயம். கொழும்புக்கும் கண்டிக்கும் எழுதிய வழிகாட்டிகளை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். அங்கே மே, ஜூனில் மழை கொட்டும். இங்கே அந்த மாதங்களில் கச்சான் என்கிற சூடான, வறண்ட காற்று வீசி முற்றம் வெடிக்கும். நமக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் விழுந்துவிடும். நவம்பரிலும் டிசம்பரிலும் சாதாரணமாகவே 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். "மே மாதம் தண்ணீரைக் குறையுங்கள்" என்று படித்துவிட்டு இங்கே குறைத்தால் கன்று வற்றிப்போகும். "நவம்பரில் கவனமாகத் தண்ணீர் விடுங்கள்" என்று படித்துவிட்டு விட்டால் அழுகும்.

1. கன்று வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கிழங்கை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். அடியில் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தால், எவ்வளவு பூத்திருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டின இடத்தையும் பாருங்கள். அங்கே கறுப்பாக ஈரம் தெரியக்கூடாது.

அடுத்தது மண். விற்கும் இடங்களில் பாரம் குறைவதற்காகக் கன்றைத் தும்புத்தூளிலேயே வைத்திருப்பார்கள். தும்புத்தூள் பஞ்சு மாதிரி, மேலே காய்ந்து தெரியும்போதும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விற்பவருக்கு அது வசதி. நம் வீட்டு மாரிக்கு அது ஆபத்து. வாங்கி வந்து ஒரு கிழமை அப்படியே வைத்திருந்து, பிறகு மண் மாற்றுங்கள். ஆனால் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாங்கினால் மண் மாற்ற வேண்டாம். மழை படாமல் தாழ்வாரத்தில் வைத்து, தை முடியும்வரை பொறுத்திருங்கள்.

"சென்னையிலிருந்து அண்ணா வரும்போது நல்ல நிறமாக நாலு கன்று கொண்டுவரச் சொல்லட்டுமா" என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து கன்று கொண்டுவருவதென்றால் விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதிப்பத்திரத்தை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அந்த நாட்டில் கொடுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். பத்திரம் இல்லாமல் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தால் கட்டுநாயக்காவிலேயே பறிபோகும். நாலு கன்றுக்காக இந்த அலைச்சல் தேவையில்லை. உள்ளூரில் கிடைப்பதே போதும்.

இன்னொன்று: அடீனியத்தின் பால் நஞ்சு. கிளை வெட்டினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள், ஆடுகள் இருக்கும் வளவென்றால் சாடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய கிளைகளை ஆட்டுக்குக் குழையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

2. சாடியும் மண்ணும்

தண்ணீர் விடும் முறையில் பாதி இங்கேயே முடிவாகிவிடும். மண் சரியில்லை என்றால் எவ்வளவு கணக்காக விட்டாலும் பயனில்லை.

சுட்ட மண்சாடிதான் இந்த ஊருக்கு நல்லது. அதன் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியே போகும். அடியில் ஒரு துளைதான் இருக்குமென்றால் இன்னும் இரண்டு போடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி கச்சான் காலத்து வெய்யிலில் கொதித்து வேரை வேகவைத்துவிடும். அதுதான் இருக்கிறதென்றால், சாடியின் பக்கத்தில் மட்டும் நிழல் விழும்படி முன்னால் ஒரு செங்கல் வரிசையோ பழைய பலகையோ வையுங்கள். கன்றுக்கு வெய்யில் வேண்டும், சாடிக்கு வேண்டாம்.

சாடியின் அளவு, கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். "வளரத்தானே போகிறது" என்று பெரிய சாடியில் வைப்பது பெரிய பிழை. வேர் போகாத மண் ஈரத்தைக் குடிக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கும்.

நான் போடும் கலவை: பருமனான ஆற்று மணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு (கடலை அளவில்) ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கு. செங்கல் தூளைச் சலித்து எறிந்துவிடுங்கள், அது துளையை அடைக்கும். கலவையைச் சாடியில் போட்டு ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் அடியில் ஓடத் தொடங்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும்.

கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறதே என்று அள்ளத் தோன்றும். ஆனால் அதில் உப்பு இருக்கும், சிப்பித் தூளும் இருக்கும், மணியும் நைசாக இருக்கும்.

மண் மாற்றிய உடனே தண்ணீர் ஊற்றுவது நம் எல்லோருக்கும் பழக்கம். கத்தரி, மிளகாய்க்கு அது சரி. அடீனியத்துக்கு அப்படிச் செய்யக்கூடாது. மாற்றும்போது வேர் அறும், அந்தக் காயம் காய ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும். அதுவரை ஒரு துளியும் விடாதீர்கள். கிழங்கில் தண்ணீர் இருக்கிறது, அது தாங்கும்.

3. உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டணத்தில் நீர் வழங்கல் சபையின் இணைப்பு இருக்கிறவர்களுக்குப் பிரச்சினை குறைவு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்து வருகிறது. குளோரின் வாடை அடித்தால் இரவு ஒரு வாளியில் பிடித்துவைத்துக் காலையில் ஊற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டாலும் கன்று செத்துவிடாது.

கவனிக்க வேண்டியவர்கள் கடலோரக் கிணறு வைத்திருப்பவர்கள். நிலாவெளிப் பக்கம் மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் இருக்கும். மாரி முடிந்த கையோடு குடிக்கலாம்போல இருக்கும் கிணறு, ஆடி ஆவணியில் இறைக்க இறைக்க உவர்ப்பாகிவிடும். அதனால் ஒரு முறை சோதித்துவிட்டு வருடம் முழுவதும் நம்பாதீர்கள். ஒருக்கால் மாசியிலும் ஒருக்கால் ஆவணியிலும் பாருங்கள்.

சோதிக்கப் பேனா மாதிரி ஒரு கருவி இணையத்தில் விற்கிறார்கள். நான் 1,200 ரூபாவுக்கு வாங்கினேன். தண்ணீரில் முக்கினால் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பிபிஎம் கணக்கில் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று) காட்டும். 450க்குக் கீழே என்றால் எந்தக் கன்றுக்கும் பயமில்லை. 450க்கும் 2,000க்கும் இடையில் என்றால், மண்ணில் உப்புச் சேராமல் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். 2,000க்கு மேல் என்றால் பூக்கன்றுக்கு விடவே வேண்டாம்.

கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். மண்சாடியின் வெளிப்பக்கத்தில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை படிகிறதா? இலையின் நுனியும் ஓரமும் மட்டும் மண்ணிறமாகக் கருகுகிறதா? இரண்டும் சேர்ந்து வந்தால் தண்ணீரில் உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

உப்பைக் கழுவும் முறை இதுதான். மாரியில் கூரைப் பீலியின் கீழ் ஒரு பரல் வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கோடையில் மாதம் ஒருமுறை, சாடியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு மழைத் தண்ணீரை மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். அடியால் ஓடும் தண்ணீரோடு உப்பும் போய்விடும். மண் கலவை சரியாக வடிந்தால்தான் இதைச் செய்யலாம்.

4. இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமா? ஈர்க்கைக் கேளுங்கள்

"எத்தனை நாளுக்கு ஒருக்கால்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அதற்கு நேரான விடை கிடையாது. உவர்மலையில் காற்று அடிக்கிற மாடி வீட்டுச் சாடியும், மதிலோரம் நிழல் விழும் சாடியும் ஒரே நாளில் காயாது.

மேல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போதாது. கச்சான் வீசும்போது, தண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலத்தில் மேல் மண் தூசியாகிவிடும். ஆனால் நாலு விரல் ஆழத்தில் ஈரம் அப்படியே இருக்கும். நான் செய்வது இது: விளக்குமாற்றிலிருந்து நல்ல தடித்த ஈர்க்கு ஒன்றை உருவி, கிழங்கில் படாமல் சாடியின் ஓரமாக அடிவரை குத்தி வைப்பேன். பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பார்ப்பேன். ஈர்க்கின் நிறம் மாறாமல், மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் தண்ணீர் விடலாம். கீழ்ப்பாதி கறுத்து, மண் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் விடக்கூடாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. விரலைவிடக் கன்னத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு மாதம் இப்படிச் செய்தால் சாடியைத் தூக்கிப் பார்த்தே பாரத்தில் சொல்லிவிடுவீர்கள்.

கிழங்கும் பேசும். ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் பலர் கன்றைக் கொல்கிறார்கள். கிழங்கு மெத்தென்று ஆவதற்கு இரண்டு காரணம் உண்டு. மண் காய்ந்திருக்கிறது, கிழங்கு முழுவதும் ஒரே மாதிரிச் சுருங்கித் தோல் மடிப்பு விழுந்திருக்கிறது என்றால் அது தாகம். தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று நாளில் உப்பிவிடும். மண் ஈரமாக இருக்கிறது, கிழங்கின் ஒரு பகுதி மட்டும் குழைந்து நிறம் மாறுகிறது என்றால் அது அழுகல். அதற்குத் தண்ணீர் விட்டால் அத்தோடு முடிந்தது. நான் அந்த மார்கழியில் செய்தது அதைத்தான்.

5. எவ்வளவு, எந்த நேரம்

விடும்போது முழுதாக விடுங்கள். பிறகு முழுதாகக் காய விடுங்கள். தினமும் ஒரு கோப்பை தெளிப்பது மேல் மண்ணை மட்டும் நனைக்கும், உப்பையும் மேலேயே சேர்க்கும். பத்து அங்குலச் சாடிக்கு ஒரு லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை பிடிக்கும். அடித் துளையால் ஓடத் தொடங்கினதும் நிறுத்திவிடலாம்.

நான் பழைய பால்மாப் பேணி ஒன்றின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை போட்டு வைத்திருக்கிறேன். அதைச் சாடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினால் மண் கரையாது, கிழங்கின் தலையிலும் விழாது. கிளைகள் பிரியும் இடுக்கில் தண்ணீர் தேங்கினால் அங்கிருந்தும் அழுகும். பூவில் தண்ணீர் பட்டால் புள்ளி விழுந்து சீக்கிரம் உதிரும்.

காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் விடுவது நல்லது. கச்சான் காலத்தில் காலையில் தவறிவிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு விடலாம். மாரியில் பின்னேரம் வேண்டாம், இரவு முழுவதும் ஈரம் நிற்கும்.

வெய்யிலில் கிடந்த குழாயைத் தூக்கி நேராகச் சாடிக்குப் பிடிக்காதீர்கள். அதற்குள் நிற்கும் தண்ணீர் கை சுடும் அளவுக்கு இருக்கும். கூரைமேல் கறுத்தத் தாங்கி வைத்திருப்பவர்களுக்கும் மத்தியானத்தில் இதே கதை.

6. மாதவாரியாக

*தை நடுப்பகுதியிலிருந்து மாசி வரை.* மழை ஓய்ந்து வெய்யில் வந்ததும் கை துருதுருக்கும். பொறுங்கள். ஈர்க்கு முழுதாகக் காய்ந்து வந்த பிறகும் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருங்கள். முதல் தண்ணீர் அரைப் பங்குதான். கிளை வெட்டுவதற்கும் மண் மாற்றுவதற்கும் இதுதான் காலம். வெட்டின பிறகு நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம். புதுத் துளிர் அரை அங்குலம் வந்ததும் பழைய முறைப்படி முழுதாக விடலாம். பசளை போடத் தொடங்குவதும் அப்போதுதான். காய்ந்த மண்ணில் பசளை போட்டால் வேர் கருகும். ஆகவே முதலில் தண்ணீர், மறுநாள் பசளை.

*பங்குனி, சித்திரை.* மாசியில் வெட்டின கன்றுகள் மொட்டு விடும். என் வீட்டில் சாதாரணமாக மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை விடுகிறேன். மொட்டு வந்த பிறகு அடியோடு காயவிட்டால் மொட்டு உதிரும். இந்த மாதங்களில் மட்டும் ஈர்க்கின் நுனியில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே விடலாம். சித்திரையில் பின்னேர இடிமழை ஒன்றிரண்டு வரும். மழை வந்த மறுநாள் பழக்கத்தில் வாளியைத் தூக்காதீர்கள்.

*வைகாசி முதல் ஆவணி வரை.* கச்சான். பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும், சில நாள் தாண்டும். ஜூன்தான் வருடத்திலேயே மழை குறைந்த மாதம். எட்டு அங்குல மண்சாடி என்றால் தினமும் கேட்கும். பன்னிரண்டு அங்குலம் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. பிளாஸ்டிக் என்றால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும். இது என் முற்றத்துக் கணக்கு, உங்கள் கணக்கை ஈர்க்கு சொல்லட்டும். மத்தியானம் இலை சோர்ந்து தொங்கினால் உடனே ஓட வேண்டாம். பின்னேரம் தானாக நிமிர்ந்தால் அது வெக்கை, தாகமில்லை. பின்னேரமும் தொங்கினால் தண்ணீர் விடுங்கள். இந்தக் காலத்தில் கீழ் இலைகள் சில மஞ்சளாகி விழுவது வழமைதான்.

கோட்டைப் பக்கம், கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு சொல். வறட்சியில் மான்கள் ஈரம் தேடி மதிலோரம் வரும். பாவம், அவற்றுக்கும் தாகம். சாடிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கனமான கல்லோடு அணைத்து வையுங்கள்.

*புரட்டாதி.* காற்று குறையும், பின்னேரங்களில் மழை தலைகாட்டும். இந்த மாதத்தில் பசளையை நிறுத்துங்கள். மாரிக்கு முன் இளந்துளிர் நிறைய இருந்தால் அதுதான் முதலில் அழுகும்.

*ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை.* கன்று பிழைப்பதும் போவதும் இந்த மூன்றரை மாதத்தில்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். பத்து அங்குலச் சாடியின் வாய் 25 சென்ரிமீற்றர். அதில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு நல்ல மழை அரை மணியில் அதைக் கொடுத்துவிடும். நவம்பரில் 330 மில்லிமீற்றர் பெய்தால், திறந்த வெளியில் நிற்கும் அந்தச் சாடிக்குள் 16 லீற்றர் விழும். வெய்யில் மங்கின அந்த மாதத்தில் கன்று கேட்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு லீற்றர். மற்றது முழுக்க வேரைச் சுற்றி நிற்கும்.

அதனால் ஐப்பசி பிறக்க முன்பே இவற்றைச் செய்து முடியுங்கள்.

சாடிகளைக் கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள், ஆனால் வெளிச்சம் வரும் பக்கமாக. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சாரலைத் தள்ளும். அந்தப் பக்கம் பார்த்த விறாந்தையில் வைத்தால் கூரை இருந்தும் நனையும். இடம் இல்லாதவர்கள் நாலு தடி நட்டு மேலே மட்டும் தெளிந்த பொலித்தீன் கட்டுங்கள். பக்கத்தை மூட வேண்டாம், காற்று ஓட வேண்டும்.

ஒவ்வொரு சாடிக்கும் கீழே இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். சீமெந்துத் தரையில் ஒட்டி நின்றால் துளை மூடிக்கொள்ளும்.

சாடிக்குக் கீழே வைத்த தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். கன்றுக்காக மட்டும் சொல்லவில்லை. தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் பறந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வரும்போது முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கும் தொடரலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் பொறுப்பாளிகள்தான்.

இவ்வளவும் செய்த பிறகு, தண்ணீர்? கூரைக்குக் கீழ் நிற்கும் கன்றுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒரு கோப்பை. அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வெய்யில் எறித்து, ஈர்க்கு காய்ந்து வந்தால் மட்டும். இலை மஞ்சளாகிக் கொட்டும், சில கன்று மொட்டையாகவே நிற்கும். பயப்படாதீர்கள், அது உறங்குகிறது. கிழங்கு இறுக்கமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். பசளையும் போடாதீர்கள்.

புயல் அறிவித்தல் வந்தால் சாடிகளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி நம் கரையில் ஏறியபோது நான் அப்படித்தான் செய்தேன். மண்ணில் தண்ணீர் நிற்கவும் வழியில்லை, காற்றில் விழுந்து உடையவும் வழியில்லை. காற்று அடங்கின மறுநாளே நிமிர்த்திவிட வேண்டும்.

7. அழுகல் தொடங்கிவிட்டால்

காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கன்றைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். கூரான கத்தியைக் கொதிநீரில் நனைத்துத் துடைத்து, மண்ணிறமான சதையை வெட்டிக்கொண்டே போங்கள். வெள்ளையாக, இறுக்கமாக, பால் கசியும் சதை தெரியும்வரை நிறுத்தக்கூடாது. கொஞ்சம் மண்ணிறப் புள்ளி விட்டாலும் மூன்று நாளில் பழையபடி பரவும். மனம் வராது, பாதிக் கிழங்கு போகும். இருந்தாலும் வெட்டுங்கள். வெட்டுவாயில் பங்கசுநாசினித் தூளோ, இல்லையென்றால் கறுவாத்தூளோ பூசி, மழை படாத காற்றோட்டமான நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் வெட்டுவாய் தோல் கட்டிவிடும். பிறகு காய்ந்த மணல் கலவையில் நட்டு, இன்னும் ஒரு கிழமை தண்ணீர் விடாமல் வையுங்கள். மிஞ்சின இரண்டில் ஒன்றை அப்படித்தான் காப்பாற்றினேன். பாதிக் கிழங்கோடுதான் நிற்கிறது, ஆனாலும் ஒவ்வொரு சித்திரையும் பூக்கிறது.

சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழில் பேசலாம். பேச முன் கிழங்கின் நிறம், கடைசியாகத் தண்ணீர் விட்ட திகதி, மண்ணில் என்ன கலந்தீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் பதில் சொல்ல வசதி. நான் குசினிக் கலண்டரிலேயே தண்ணீர் விட்ட நாளைப் புள்ளி வைத்துக் குறித்துவிடுவேன். வேறு பதிவு தேவையில்லை.

8. செலவு

கன்றுக்கும் சாடிக்கும் போகும் பணம்தான் செலவு. நான் கடைசியாக வாங்கிய ஒட்டுக்கன்று 1,500 ரூபா, பத்து அங்குல மண்சாடி 450 ரூபா. தண்ணீருக்கு ஆகும் செலவு கணக்கில் சேராது. பத்துச் சாடிக்குத் தினமும் ஒன்றரை லீற்றர் வீதம் விட்டாலும் மாதம் 450 லீற்றர்தான். நீர்ச் சபைக் கணக்கில் ஆயிரம் லீற்றர் ஓர் அலகு, ஆகவே அரை அலகுகூட வராது. ஆனால் குழாயைத் திறந்து முற்றத்தில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் கதை வேறு. நிமிடத்துக்கு 15 லீற்றர் ஓடுகிற குழாய் தினமும் 20 நிமிடம் ஓடினால் மாதம் ஒன்பது அலகு. அலகு கூடக் கூடக் கட்டண வீதமும் ஏறும். பேணியும் வாளியும் கன்றுக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

9. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது

நல்லூர்த் திருவிழாவுக்கோ பிள்ளைகளின் விடுமுறைக்கோ பத்து நாள் போக வேண்டி வந்தால், கோடையாக இருந்தாலும் கவலை வேண்டாம். போகும் காலையில் முழுதாகத் தண்ணீர் விட்டு, சாடிகளை மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் பக்கம் நெருக்கி வையுங்கள். சில இலை விழும், கிழங்கு கொஞ்சம் சுருங்கும், திரும்பி வந்து தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவதில்தான் ஆபத்து. ஒரு முறை ஐப்பசிக் கடைசியில் நான் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா ஆசையோடு சொன்னார்: "தம்பி, இலையெல்லாம் கொட்டிப் பாவமா நிண்டுது, ஒவ்வொரு நாளும் ரெண்டு வாளி ஊத்திவிட்டன்." அவரை என்ன சொல்வது, அன்பினால் செய்தது. இப்போது மாரியில் எங்கே போவதென்றாலும் சாடி வரிசைக்கு மேலே சுவரில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுத்தான் கேற்றைப் பூட்டுகிறேன்: "அக்கா, இதுகள் உறங்குது. நான் வரும்வரை தண்ணி விட வேண்டாம்."